மேஜரம்மாவின் இரண்டு நாற்காலிகள்

“அந்த மேல் தட்டுல ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அத மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுத்துட்டு உட்காருங்க” என்கிறார் மேஜரம்மா, வந்தவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள். வந்தவர் முன்னாள் படைவீரர். உதவி கேட்டு வந்த இடத்தில் தன்னிடமே ஒருவர் உதவி கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் எட்டி எடுத்துக் கொடுக்கிறார். பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. எந்தக் கையை நீட்டினார், நீட்டும்போது மூச்சைப் பிடித்தாரா, இறக்கும்போது பல்லைக் கடித்தாரா என்பதைப் பார்த்தாயிற்று. அவர் போனதும் பெட்டி மறுபடி தட்டில் ஏறிவிடும்.

மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் மருந்து வைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு நீள அறை. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சிகிச்சையும் வேலையும் வாங்கித் தருகிற உதவி மையம் அதுதான். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுவதற்குச் சுவரில் ஒரு கம்பி. மேசைக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு நாற்காலி, வலப்பக்கம் ஒரு நாற்காலி. இடது நாற்காலி வைத்தியத்துக்கு, வலது நாற்காலி வேலைக்கு. மாற்றி உட்கார்ந்தால் மேஜரம்மா பேச மாட்டார்.

“இந்த நாற்காலியில உட்கார்ந்தா என்ன முடியலன்னு மட்டும் சொல்லணும். அந்த நாற்காலிக்குப் போனா என்ன முடியும்னு மட்டும் சொல்லணும். அவ்வளவுதான் இங்க சட்டம்” என்பார்.

கேட்பதற்கு எளிதான சட்டம். ஆனால் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது எப்படியோ தலைகீழாகத்தான் வரும். இடது பக்கம் உட்கார்ந்தவரிடம் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்கு” என்பார். சொல்லும்போதே நெற்றியில் வியர்த்திருக்கும். அதே மனிதரை வலது பக்கம் உட்காரவைத்து என்ன தெரியும் என்று கேட்டால், “பெருசா ஒண்ணும் தெரியாது மேடம், ஏதாவது கேட்ல செக்யூரிட்டி வேலை இருந்தாப் போதும்” என்பார். உடம்பு சரியில்லை என்று சொல்வது அவர்கள் உலகத்தில் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதற்குச் சமம். எனக்கு இது தெரியும் என்று சொல்வது தற்பெருமை. இருபது வருடம் ஊறிய பழக்கம் ஓய்வு பெற்ற மறுநாளே போய்விடுமா?

“மலை மேல முப்பது லாரிய வரிசையா ஏத்தின மனுஷன், இனிமே யாரோ ஒருத்தர் காருக்கு கேட்டத் தொறந்து மூடப் போறீங்களா?” என்று மேஜரம்மா ஒருவரைப் பிடித்த பிடியில் அவர் இன்று பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு வழியும் நேரமும் பிரித்துக் கொடுக்கிறார். முந்நூறு பேருக்கு மூன்று வேளை சமைத்த ஒருவர், தன்னைச் சமையல்காரர் என்று சொல்லிக்கொள்ளவே கூசினார். இதே மருத்துவமனையின் சமையலறை இப்போது அவர் பொறுப்பு. நோயாளிகளின் கஞ்சியில் உப்பு சரியாக இருப்பது அவர் வந்த பிறகுதான் என்று வார்டில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள்.

குடும்பத்துக்கும் அதே கவனிப்பு உண்டு. “சம்பளம் ஒருத்தருக்கு, பட்டாள வாழ்க்கை வீட்டுக்கே” என்பது மேஜரம்மா அடிக்கடி சொல்வது. ஊர் ஊராக வீடு மாற்றி, பிள்ளைகளைப் பள்ளி பள்ளியாகச் சேர்த்து, ஒற்றை ஆளாய்க் குழாய் ரிப்பேர் முதல் காய்ச்சல் வரை பார்த்த பெண்களிடம் “உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டால், “வீட்ல சும்மாதான் இருந்தேன்” என்கிறார்கள். அந்த ‘சும்மா’வைக் கேட்டால் மட்டும் மேஜரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. மேஜரம்மா ஒரு நாளும் ராணுவத்தில் இருந்ததில்லை. ராணுவ லாரி ஓட்டிய ஒருவரின் மனைவி. மையத்துக்குத் தலைவராக உண்மையான மேஜர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். அவர் உள்ளே வந்தால் எல்லாரும் புன்னகைக்கிறார்கள். மேஜரம்மா உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்கள். மேஜரும் சேர்ந்து எழுகிறார் என்பதுதான் வேடிக்கை.

கணவரைப் பற்றிக் கேட்டால் திட்டுகிற குரலில்தான் பதில் வரும். “மாரு வலிய வாயுப் பிடிப்புன்னு சொல்லியே போய்ச் சேர்ந்தாரு மனுஷன். டாக்டர் மூஞ்சிக்கு நேரா சிரிச்சிக்கிட்டு ‘ஐ ஆம் ஃபிட் சார்’னு சொன்னாரு. பக்கத்துல நான் நிக்கிறேன். நானும் வாயத் தொறக்கல. நம்ம ஆளு தெம்பா பேசறாரேன்னு எனக்குப் பெருமை வேற.” அதற்கு மேல் சொல்ல மாட்டார். மேசையில் கலையாமல் இருக்கும் பொருள்களை இன்னொரு முறை அடுக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குத் திறக்காத வாய்க்கும் சேர்த்து இப்போது பேசுகிறாரோ என்று தோன்றும்.

போன மாதம் வந்தவரைக் கிடங்குக்காரர் என்றே மையத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். படையில் வெடிகுண்டுக் கிடங்கைக் கட்டிக் காத்தவர். நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது, அகலமான தோள், பேச்சில் கல்லுளிமங்கன். பெட்டியை எடுக்கச் சொன்னதும் வலது கையால் எடுத்தார். “ஐயோ, அது கனம், ரெண்டு கையாலயும் பிடிங்க” என்றார் மேஜரம்மா. காலிப் பெட்டிதான். இடது கை பாதி வழி வந்து, ஏதோ யோசித்ததுபோல நின்று, திரும்பிப் போய்விட்டது.

அந்தத் தோள், பல வருடம் பெட்டி பெட்டியாகக் குண்டு தூக்கித் தேய்ந்த தோள். ஒருமுறை சரிந்த அடுக்கைத் தனியாகத் தாங்கிப் பிடித்ததில் உள்ளே எதுவோ கிழிந்தும் போனது. பணியில் பட்ட காயம் என்று எலும்பு மருத்துவர் எழுதிவிட்டால் அறுவை சிகிச்சை, பயிற்சி எல்லாம் படைவீரர் நலக் கணக்கில் இலவசம். முதல் பரிசோதனையில் கையைத் தூக்குங்கள் என்றார் மருத்துவர். நம்மவர் காதைத் தொடும் அளவுக்கு விறைப்பாகத் தூக்கிக் காட்டிவிட்டு, “சரியா இருக்கு சார்” என்று சொல்லி வந்துவிட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தட்டைப் பிடிக்க முடியவில்லை. மறுபரிசோதனை ஒரே ஒருமுறைதான். அதிலும் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு அந்தத் தோள் அவர் பாடு.

“ஏன்யா இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டார் மேஜரம்மா.

“குடோன்ல வேலை சொல்லியிருக்கீங்க மேடம். தோளு போச்சுன்னு எழுதிட்டா அந்த வேலையும் போயிடுமே.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. மேஜரம்மா உடனே அவரை வலது நாற்காலிக்கு மாற்றி, அந்தக் குடோன் மேலாளருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வைத்தார். தோளில் காயம், வைத்தியத்துக்குச் சில மாதம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து மேலாளர் சிரித்தார். “தூக்கறதுக்கு என்கிட்ட மிஷின் இருக்கும்மா. எது எங்க இருக்கு, எது எதுகூட இருக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளுதான் இல்ல. நாலு தடவ தீப்பிடிக்கப் பார்த்துச்சு. அவரு குணமாகி வரட்டும், காத்திருக்கேன்.”

கிடங்குக்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூளைக்குப் படைக்கு வெளியேயும் ஒரு விலை உண்டு என்பதை முதல்தடவையாகக் கேட்ட முகம். மேஜரம்மாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தானோ என்றுகூட நினைத்துக்கொள்வார்.

வேலை போகாது என்று ஆயிற்று. பயம் தீர்ந்தது, இனி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று வேறு யாராவது நிம்மதியாக இருந்திருப்பார்கள். மேஜரம்மா இருக்கவில்லை. “அடுத்த வாரம் வரும்போது வீட்டுக்காரம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க” என்றார். மருத்துவரின் அறையில் நோயாளியும் அவர் குடும்பமும் பேசலாம். மையத்தின் ஆள் கூடப் போகலாம், வாய் திறக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக மேஜர் போட்ட விதி. மேஜரம்மா உலகத்தில் மதிக்கிற விதிகளில் அது ஒன்று. பிடிக்காத விதியும் அது ஒன்றுதான்.

மறுபரிசோதனை நாளில் கிடங்குக்காரரின் மனைவி வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட உடை, மடித்து வைத்த கைக்குட்டை. இடது நாற்காலியில் உட்காரவைத்து, “வீட்ல எப்படி இருக்காரு?” என்று கேட்டார் மேஜரம்மா.

“நல்லாத்தான் இருக்காரு.”

“வலி?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் சொன்னதில்லைங்க.”

நன்றாகத்தான் ஜோடி சேர்ந்திருக்கிறது என்று மேஜரம்மா மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். பட்டாளக்காரரின் மனைவியும் பட்டாளம்தான். “இங்க பாரும்மா, வீரத்த வாசல்ல செருப்போட விட்டுட்டு உள்ள போங்க. திரும்பி வரும்போது மாட்டிக்கலாம், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க” என்று மட்டும் சொன்னார். மனைவி சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

எலும்பு மருத்துவர் வேகமானவர், ஆனால் நல்லவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “படத்துல பாதிதாங்க தெரியும். மீதிய நீங்கதான் சொல்லணும்” என்றார் பொறுமையாக. “கையத் தூக்குங்க.”

கிடங்குக்காரர் தூக்கினார். அதே விறைப்பு, காதைத் தொடுகிற அதே உயரம். கழுத்து நரம்பு ஒன்று புடைத்துக்கொண்டது.

“வலிக்குதா?”

“இல்ல சார். சரியா இருக்கு.”

சுவரோரம் நின்ற மேஜரம்மா கைப்பையின் வாரை முறுக்கினார். வேலை போகாது என்று தெரிந்தும், மருத்துவரே கேட்டும், இவ்வளவு தூரம் வந்தும் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. இனிப் பயமெல்லாம் கிடையாது; பயத்தைவிடக் கெட்டியான ஒன்று. தன் கணவரின் சிரித்த முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. விதியை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டார். மருத்துவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

“பாப்பாவுக்கு நாலு வயசு சார்” என்றார் மனைவி.

மருத்துவர் நிமிர்ந்தார். மனைவி கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இவரு ரிட்டையராகி வந்ததுல இருந்து, தூக்கு தூக்குன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடி வருவா. இவரு கோவம் வந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. மொதல்ல அழுதா. இப்போ நீட்டறதையே விட்டுட்டா. அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதான்னு நேத்து என்கிட்ட கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

கிடங்குக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வலியை மறைத்துவிட்டதாகவே அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். உயர்த்திய கை இன்னும் அப்படியே நின்றது. வலது கையால் அதைப் பிடித்து, கண்ணாடிச் சாமானை இறக்குவதுபோல மடியில் இறக்கி வைத்தார்.

“வலிக்குது சார்” என்றார். இன்னொரு முறை சொன்னார். “ரொம்ப வலிக்குது. மூணு வருஷமா.”

மேஜரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் தாங்கிப் பிடித்த குண்டு அடுக்கைவிட இந்த ஒரு வார்த்தை கனம் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தூக்கி வைத்தாரே என்று, தன் பிள்ளை பரிசு வாங்கியதுபோல நெஞ்சு விம்மியது. அந்தப் பெண்ணை நினைத்து இன்னும் ஒரு மடங்கு பெருமை. தன்னால் ஒரு நாள் முடியாமல் போனதை அவள் செய்துவிட்டாள்.

“சட்டையக் கழட்டுங்க, பார்க்கலாம்” என்றார் மருத்துவர்.

பொத்தான்களை ஒற்றைக் கையால் அவிழ்த்தார். சட்டையின் இடது கை தோளில் சிக்கி நின்றது. மனைவி எழுந்தார், அந்நியர் முன்னால் உதவினால் கணவர் என்ன நினைப்பாரோ என்று பாதியில் தயங்கினார். கிடங்குக்காரர் தாமாகவே நாற்காலியில் திரும்பி, மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “எடுத்து விடு” என்றார் தணிந்த குரலில்.

மேஜரம்மா ஓசைப்படாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். வரிசை நகர வேண்டும் என்று தினமும் எல்லாரையும் விரட்டுகிறவர் அவர். அடுத்த முறைக்காரர் எழுந்து வந்தார். மேஜரம்மா ஒரு கையை நீட்டித் தடுத்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலைச் சற்று அகட்டி ஊன்றி நின்றுகொண்டார்.