சஃபாரிக்குப் போன சாதாக் கண்ணாடி

கண் சரியாகத் தெரியவில்லை என்றுதான் எங்கள் கடைக்கு ஆட்கள் வருவார்கள். மைதிலி, தான் கண்ணாடி போடுவதை யாரும் அறியக்கூடாது என்று வந்தாள்.

அது பெப்ரவரி. லாசாலில் இருக்கிற எங்கள் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தவளின் கண்கள் மிளகாய்த்தூள் பட்டதுபோல் சிவந்திருந்தன. மொன்றியல் குளிரில் ஹீட்டர் காற்று கொன்டாக்ட் லென்ஸைக் காயவைத்துவிடும். வருடாவருடம் பார்க்கிற கூத்து. ஜூலையில் கலியாணம் முடிந்த கையோடு கென்யாவுக்கு சஃபாரி போகிறாளாம். திறந்த ஜீப், செம்மண் புழுதி, ஈரமில்லாத காற்று. இங்கேயே தாக்குப்பிடிக்காத கண் அங்கே என்ன பாடுபடும்? கண்ணாடி போட்டுக்கொண்டு போ என்றேன்.

"ஏலாது அக்கா. நான் கண்ணாடி போடுறது அவருக்குத் தெரியாது. பொம்பிளை பாக்க வர முதலே அம்மா கழட்டி வைக்கச் சொல்லிப்போட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைனஸ் ஐந்து பவர். போன கிழமை கண் எரிந்து, லென்ஸைக் கழற்றிவிட்டு மெட்ரோவில் வந்தவள், எதிரே நின்று சிரித்த வருங்கால மாமியை யாரோ என்று கடந்து போயிருக்கிறாள். பெருமை பிடித்த பெட்டை என்று மாமி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அப்போதும் இவள் வாயைத் திறக்கவில்லை. இப்படியே ஒரு குடும்பத்துக்குள் போகப்போகிறாளே என்று எனக்குக் கவலையாகவும் இருந்தது.

கடைசியில் பவர் போட்ட கறுப்புக் கண்ணாடிக்குச் சம்மதித்தாள். பக்கமெல்லாம் மூடிய பிரேம், புழுதி போகாது. வெயிலுக்குப் போட்டதாக எல்லாரும் நினைப்பார்கள். மிருகங்கள் விடியலிலும் அந்தியிலும்தானே வெளியே வரும், அந்த நேரம் கறுப்புக் கண்ணாடியால் என்ன தெரியும் என்று கேட்டேன். சமாளிப்பாளாம்.

அதை எடுக்க வந்த அன்று சொட்டுமருந்து, கண்ணாடிக்கு மாட்டும் கயிறு, இறுக மூடும் பெட்டி எல்லாம் பையில் வைத்தேன். புழுதி படிந்தால் உடுப்பால் துடைக்காதே, முதலில் தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் மணல் கீறிவிடும் என்றேன். பையின் அடியில், அவளைக் கேட்காமலே, அவளுடைய பவரில் ஒரு சாதாக் கண்ணாடியும் வைத்தேன்.

ஓகஸ்டில் மைதிலி அதே சாதாக் கண்ணாடியோடு வந்தாள். கூடவே புருஷன் கஜன், அவனுடைய அம்மா.

கஜன்தான் கதையைச் சொன்னான். பொழுது சாய்கிற நேரம், ஜீப்புக்குக் கிட்ட ஒரு சிறுத்தை. இருட்டுகிறதே என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய மைதிலி, பக்கத்திலிருந்த கறையான் புற்றைப் பார்த்து நல்ல வடிவு என்றாளாம். ஜீப்பே சிரித்திருக்கிறது. அழுதுகொண்டே கடைப் பையைத் துழாவியவளின் கையில் நான் அடியில் வைத்த சாதாக் கண்ணாடி அகப்பட்டது. போட்டுவிட்டாள். கஜன் சிறுத்தையை விட்டு அவளையே பார்த்தானாம்.

"அப்ப அண்டைக்கு மெட்ரோவில அம்மாவைத் தெரியாத மாதிரிப் போனது இதாலதானோ?" என்று கேட்டிருக்கிறான். அவள் ஓம் என்று தலையாட்டினாளாம்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி மருமகளின் மூக்கில் சறுக்கிய பிரேமைத் தன் விரலால் மேலே தள்ளிவிட்டார்.

"இதே மாதிரி இன்னொண்டும் செய்து குடுங்கோ பிள்ளை. இது உடைஞ்சா இவள் பேந்தும் என்னை ஆரெண்டு தெரியாமல் போயிடுவாள்."

செய்து கொடுத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பயணம் போகிறவருக்குப் புழுதியைப் பற்றி எவ்வளவும் சொல்லுங்கள். அதற்கு முதல், யாருக்குப் பயந்து எதை மறைக்கிறார் என்று கேளுங்கள்.