உச்சி வெயிலில் வேலாயுதத்தின் நிழல்

தந்தியைப் பார்த்ததும் நான் நம்பவில்லை. "வேலாயுதம் காலமானார். உடனே வரவும். மாடசாமி" என்று இருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் அச்சகத்தில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் நான் இதை விளக்க வேண்டியதில்லை. விடுப்பு வேண்டுமென்றால் தந்தியில் யாரையாவது சாகடிப்பது நம் வழக்கம். வேலாயுதம் தன் பெரியம்மாவை அப்படிப் பலமுறை சாகடித்தவர். அந்த அம்மாள் தீபாவளிக்கு அச்சகத்துக்கே முறுக்கு கொண்டுவந்து நின்றபோது, முதலாளி முறுக்கையும் சந்தேகத்தோடுதான் வாங்கினார்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. தபால்காரரை வாசலில் நிறுத்தி, இது உண்மையிலேயே சங்கரன்கோவிலிலிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். மதுரையில் இத்தனை வருடம் தந்தி கொடுக்கும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பிறகுதான் கீழே இருந்த பெயரை மறுபடி படித்தேன். மாடசாமி, வேலாயுதத்தின் மாமனார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, நாடி பிடித்துப் பார்த்து, வைத்தியரையும் கூட்டிவந்து காட்டாமல் ஒருவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்கிற மனிதர் அல்ல அவர். பையில் ஒரு வேட்டியைத் திணித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தோம். கதையும் நான், படமும் நான். வேலாயுதம் ட்ரெடில் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். புதிதாக ஒரு நாயகன் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது நான் உண்டாக்கியவன்தான் அரைநிழல் துரை. அப்பன் இரத்தக் காட்டேரி, அம்மா மனுஷி. காட்டேரிகளுக்கு நிழல் விழாது, மனிதருக்கு முழுதாக விழும், துரைக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் விழும். ஊர் ஊராகப் போய்க் காட்டேரிகளை வேட்டையாடுவான். காட்டேரிகளுக்கு அவன் துரோகி. அவன் காப்பாற்றிய ஊர்க்காரர்களோ, வேலை முடிந்ததும் கல்லைத் தூக்குவார்கள். சிவனும் பெருமாளும் ஆளுக்குப் பாதியாக ஒரே உடம்பில் நிற்கிற கோயிலைத் தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிற எனக்கு, பாதி ஆளைக் கற்பனை செய்வது பெரிய கஷ்டமாக இல்லை.

கஷ்டம் முகத்தில்தான் இருந்தது. கண்ணால் பார்க்காத முகத்தை வரைய எனக்கு வராது. காட்டேரிப் பல் கோரமாகவும் இருக்க வேண்டும், பார்த்தால் பாவமாகவும் இருக்க வேண்டும். அன்று வேலாயுதம் ஏதோ கேலிக்கு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு பக்கமும் தெத்துப்பல். ஜன்னலோரம் வந்து நிற்கச் சொன்னேன், மறுபேச்சு இல்லாமல் வந்து நின்றார். சும்மா நிற்கிறாரே, பின்னால் என்ன கேட்கப் போகிறாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். "வே, உம்ம மூஞ்சியப் போட்டா ஊரு ஏதாவது சொல்லும்" என்றேன். "மெஷினப் பாத்தே நிக்கிற மூஞ்சி அண்ணாச்சி. நாலு பேரு பாக்கட்டும்" என்றார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு கருப்பட்டி இருக்கும், பதற்றம் வந்தால் வாயில் போட்டுக்கொள்வார். அதையும் விடவில்லை நான். இரத்த தாகம் எடுக்கும்போது துரை கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொள்வான் என்று எழுதிவிட்டேன்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் எல்லாம் வேலாயுதத்தின் முகம் கயிற்றில் தொங்கியது. முடி வெட்டுகிறவர் அவர் கழுத்துக்குத் துணி சுற்றும்போது தன் கழுத்தையும் ஒருமுறை தடவிக்கொண்டார். யாரும் அவரைக் காட்டேரி என்று நம்பவில்லை. ஆனால் சந்தேகப்பட்டார்கள். நம்புவதற்காவது ஒரு சாட்சி வேண்டும். வேலாயுதம் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்தத் தொடங்கியது அப்போதுதான்.

அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. சிவகிரியில் ஒரு இடம் கூடிவந்து, பெண் வீட்டார் ஊருக்கு வந்து விசாரித்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "பையன் தங்கம்தான். ஆனா பொட்டிக்கடையில தொங்குதாம்லா" என்றார்களாம். அடுத்த இடமும் அப்படியே தட்டிப்போனது. வேலாயுதத்துக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, பெரியம்மாவைத் தவிர வேறு நாதியும் இல்லை. ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார். "அண்ணாச்சி, துரைய ஒரு கதையில கொன்னுருங்களேன். நான் குடும்பம் நடத்திக்கிடுதேன்" என்றார். நான் முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர், பல்லை வேண்டுமானால் கொஞ்சம் சிறிதாக்கு, ஆளைக் கொல்லாதே என்று சொல்லிவிட்டார்.

அந்த நிலையில்தான் பனவடலிசத்திரத்திலிருந்து மாடசாமியின் வரன் வந்தது. ஆட்டு மந்தையும் கொஞ்சம் புன்செய்யும் உள்ளவர், ஒரே மகள் கோமதி. பெண் பார்க்க வரலாம், ஆனால் உச்சி வெயிலில்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. உச்சி வேளையில் பெண் பார்க்கக் கூப்பிடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? "இதுல ஏதோ இருக்கு வே" என்றேன். "இருந்தா இருக்கட்டும், கூப்புட்டாவளே" என்றார் வேலாயுதம். பெரியம்மாவும் நாங்களும் பேருந்தில் போய் இறங்கியபோது தார் ரோடு உருகிக் காலில் ஒட்டியது.

காபி வந்தது. வேலாயுதம் பதற்றத்தில் காபியை விட்டுவிட்டு, பையிலிருந்து கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டார். மாடசாமி தம்ளரை அப்படியே கீழே வைத்தார். எங்கள் புத்தகங்களை மகள் வாசிக்க, அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. துரை எப்போது கருப்பட்டி போடுவான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "வெளிய வாங்க, ஆடு காட்டுதேன்" என்று வேலாயுதத்தை முற்றத்துக்கு அழைத்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்த மனிதர் ஆட்டைக் காட்டவில்லை, வேலாயுதத்தின் காலடியைப் பார்த்தார். உச்சி வெயில். நிழல் பாதத்தைச் சுற்றித் துளிதான் கிடந்தது. மாடசாமியின் முகம் செத்துப்போனது. காட்டேரி வெயிலுக்கு வராது என்று கணக்குப் போட்டவர், உச்சியில் நிழல் சுருங்கும் என்பதை மறந்துவிட்டார்.

"பாத்தீரா படக்காரரே, அரைதான் விழுது" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

நான் பதில் சொல்வதற்குள் நிலைப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "யப்பா, ஒங்க நிழலும் அம்புட்டுத்தான் இருக்கு." கோமதி. நான் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாடசாமி குனிந்து தன் காலடியைப் பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்தார். "எனக்கு வயசாயிட்டு, தேஞ்சிருக்கும். இவருக்கு என்ன கேடு?" என்றார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக, வெயில் சாயும் வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று எங்களை உட்காரவைத்துவிட்டார். சாப்பாடும் போட்டார், நல்ல கறிச்சோறு. சாப்பிடும்போது வேலாயுதம் எலும்பைக் கடிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, எழுந்து போய்விடலாம் என்று வேலாயுதத்தின் காதில் சொன்னேன். "இருங்க அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னவுக எல்லாம் என்னயப் பாக்காமலே சொன்னாவ. இவரு பாத்துட்டாவது சொல்லட்டும்" என்றார்.

வெயில் சாய்ந்ததும் முற்றத்தில் வேலாயுதத்தை நிறுத்தினார். நிழல் தலை, தோள், இடுப்பு எல்லாமாக நீண்டு, ஆட்டுக்கிடை வேலியையும் தாண்டி விழுந்தது. மாடசாமி அதன் ஓரமாகவே நடந்து கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இவ்வளவு நீளமா இருக்கே" என்று அதற்கும் ஒரு சந்தேகம். உள்ளே கோமதி சிரித்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டிய நேரத்திலும் மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அரைநிழல் துரையைச் சினிமாவாக எடுக்கப் போகிறோம், வேலாயுதத்தையே நடிக்க வைக்கலாம் என்றார். வெள்ளை பேண்ட், கையில் தோல்பை, வாய் நிறைய வெற்றிலை. அந்த ஆளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிழலைப் பாதியாகக் காட்டக் காமிராவில் முடியாது, அதனால் கதையின் நடுவிலேயே துரையை முழு மனிதனாக்கிவிடலாம் என்றார். ஆசைப்பட்டுவிடுவாரோ என்று நான் வேலாயுதத்தைப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "முழு ஆளு ஊரெல்லாம் கெடக்கான். அதுக்கு நான் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார், அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

மாமனாரின் சந்தேகம் மட்டும் ஓயவில்லை. மகளைப் பார்க்கிற சாக்கில் சந்தை நாளெல்லாம் சங்கரன்கோவிலுக்கு வந்துவிடுவார். மகளின் கழுத்தை ஒரு பார்வை, மாப்பிள்ளையின் காலடியை ஒரு பார்வை. அச்சகத்துக்கும் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலாயுதம் வேலை செய்வதையே பார்ப்பார். எனக்கே பொறுக்கவில்லை. "எத்தன வருசம் வே இத சகிப்பீரு?" என்று கேட்டேன். வேலாயுதம் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன். "சந்தேகப்படுத மனுசன் நம்மளயே பாத்துட்டு இருப்பாரு அண்ணாச்சி. நம்புதவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான். எனக்கு அப்பா முகமே தெரியாது. ஒருத்தராவது பாத்துட்டு இருக்கட்டுமே."

பிறகு மாடசாமி சந்தைக்கு வரும் வழியில் வண்டி குடைசாய்ந்து, அடியில் மாட்டிக் காலை ஒடித்துக்கொண்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் நிறையப் போயிருந்தது, யாராவது கொடுத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். கூட வந்த பங்காளிகள் இரத்தம் என்றதும் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். வேலாயுதம் சட்டைக் கையை மடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பரிசோதித்துப் பார்த்தார்கள், சேர்ந்தது. படுக்கையிலிருந்த மாடசாமிக்கு நினைவு இருந்தது. "யாரு ரத்தம்?" என்று கேட்டார். கோமதி சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கோமதியைப் பார்த்தேன். "சரி, ஏத்தச் சொல்லு" என்றார்.

தேறி எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்துவந்து வெயிலில் நின்று தன் நிழலைப் பார்த்ததுதான். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். திரும்பி மருமகனைப் பார்த்து, "இனி நானும் அரைதாம்லே மாப்ள" என்றார். வேலாயுதம் சிரித்தார். வாயில் கை வைக்கவில்லை. இரண்டு தெத்துப்பல்லும் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு.

அந்த வேலாயுதம், நான் அச்சகத்தை விட்டு மதுரைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, இயந்திரத்தின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். வைத்தியர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேருந்திலிருந்து இறங்கி நான் தெருவுக்குள் நுழைந்தபோது பிற்பகல். கடைசிவரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, வாசலில் வேலாயுதமே நின்று சிரிப்பார் என்று. நிற்கவில்லை. வீடு சிறியது, அதனால் வெளியே கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பந்தல்காரர் இன்னும் வரவில்லை. கோமதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, ஒங்க துரை போயிட்டாரு" என்றாள்.

கட்டிலுக்கு மேற்கே, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடசாமி நின்றிருந்தார். அந்தக் காலோடு, கம்பு ஊன்றி, வேர்வை முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்து, "பெரியவரே, இங்கன நிழலுக்கு வந்து உக்காருங்க" என்றார்கள். அவர் அசையவில்லை. நானும் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடும் படக்காரரே. நான் நகந்தா வெயில் இவன் மூஞ்சியில அடிக்கும்லா" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய நிழல் வேலாயுதத்தின் முகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வெயில் நகர நகர அவரும் ஓரடி, அரையடி நகர்ந்துகொண்டார். பந்தல்காரர் வந்து ஓலை வேய்ந்து முடிக்கும்வரை அப்படியே நின்றார், மருமகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நண்பர்களே, துரையின் படங்கள் என்னிடம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கரையான் தின்றுவிட்டது. போனால் போகட்டும். ஒருத்தராவது பாத்துட்டு இருக்கட்டுமே என்று வேலாயுதம் சொன்னாரே, அதை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அவருக்கு ஒருத்தர் இருந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.