படகுக் கடைகளுக்கு நான் வைத்த பரீட்சை

அறுபதுகளின் நடுவில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு பருத்தி வியாபாரியிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். தற்காலிக வேலை. நிரந்தரமானால் அப்பா அம்மாவோடு மாதுங்கா வீட்டிலேயே இருப்பேன். ஆகாவிட்டால் திருச்சியில் எனக்காகப் பார்த்து வைத்திருந்த ஒரு பாங்க் குமாஸ்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு போவேன். குமாஸ்தா மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, பார்த்ததே இல்லை. ஆனால் வேலை எனக்கு வேண்டும். காலையில் மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் மூச்சுத் திணற நின்றுகொண்டு போவதைப் பெரிய சுதந்திரம் என்று நம்பிய வயது அது.

அப்பா ரயில்வே தணிக்கைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிபந்தனையோடுதான் என்னை வேலைக்கு அனுப்பினார். வீடு, ஸ்டேஷன், ஆபீஸ் தவிர நான்காவதாக ஓர் இடத்தில் என் கால் படக்கூடாது. அந்த நான்காவது இடம் கடலாக அமையும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எங்கள் சேட்டின் கூட்டாளி ஒருவர் சொந்தமாக யாட் என்னும் உல்லாசப் படகு ஒன்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து சேட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவர அனுமதி கிடைக்காத காலம். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன உல்லாசப் படகுகளைச் செப்பனிட்டு விற்பவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் கொலாபாவில், இன்னொருவர் மஜ்காவில். சேட் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"படகை நான் பாத்துக்கறேன். விக்கிறவனை நீ பாரு" என்றார் இந்தியில். "வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சர்க்கரைதான். வாங்கினப்புறம் எவன் முகம் குடுத்துப் பேசுவான்னு எனக்குத் தெரியணும். சரியாச் சொன்னா உன் வேலை பக்கா."

மதராஸிகள் தேவைக்கு மேல் கேள்வி கேட்பார்கள் என்பது அவர் அபிப்பிராயம். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். படகு பற்றி எனக்கு என்ன தெரியும்? எலிஃபண்டா தீவுக்கு ஒருமுறை மோட்டார் படகில் போயிருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்திருக்கிறேன். ஆனால் அம்மாவோடு மாதுங்காவில் ஏகப்பட்ட வாடகை வீடுகள் பார்த்திருந்தேன். அந்த அனுபவம் போதும் என்று தோன்றியது.

கொலாபாக்காரரின் கடையில் சோபா இருந்தது. சுவரெல்லாம் பாய்மரப் படங்கள். சேட்டின் விசிட்டிங் கார்டைக் கொடுத்ததும் மானேஜர் எழுந்து நின்றார். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. நான் படகின் உட்புற வரைபடத்தைப் பார்த்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், "எப்போதும் வரும், மேடம்" என்றார். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும் இடத்தை மாதுங்காவில் நான் கண்டதில்லை. அந்த நிமிஷமே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

இருந்தாலும் பரீட்சை பாக்கி இருந்தது. அது அம்மாவின் முறை. எங்கள் கட்டடத்தில் பாத்திரங்கள் வீட்டுக்கு வீடு போய்வந்துகொண்டே இருக்கும். கொடுத்தனுப்பிய பாத்திரம் எப்படித் திரும்புகிறது என்பதை வைத்து அம்மா மனிதர்களை எடை போடுவாள். கழுவாமல் வந்தால் ஒரு ரகம். கழுவி, ஆனால் வெறுமனே வந்தால் இன்னொரு ரகம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு வந்தால்தான் அது வீடு. பாரத தேசத்தில் யாட் விற்பனையாளர்களை எடை போட இதைவிடச் சிறந்த வழி இருக்க முடியாது என்று முடிவு செய்து, என் டிபன் டப்பாவைச் சோபாவுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கார்டு இல்லாமல் போனேன். வாசலில் பியூன் நிறுத்தினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மானேஜர் என்னை நேராகப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்ட அடையாளமே முகத்தில் இல்லை. டப்பா எதுவும் கிடைக்கவில்லை என்று பியூன் மூலமே பதில் வந்தது. வீட்டில் அம்மா என்னைக் காய்ச்சி எடுத்தாள்.

மஜ்காவ்காரர் கீழக்கரை முஸ்லிம். குடியிருப்பது தாராவியில். கடையென்று பெரிதாக ஒன்றுமில்லை, கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. உட்கார நாற்காலிகூட இல்லை. யாரோ ஒருவரோடு பாய்த்துணி விலை பேசிக்கொண்டே என்னை நெடுநேரம் வெயிலில் நிற்க வைத்தார். நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டதும்தான் திரும்பினார்.

"நம்ம ஆளா? வாங்கம்மா. என்ன பாக்கணும்?"

"சமையலறை எந்தத் திசையில இருக்கு?" என்று கேட்டேன். அக்கினி மூலையில் இல்லாவிட்டால் சேட்டு வீட்டு அம்மாளுக்குப் பிடிக்காமல் போகலாம் என்ற தொலைநோக்கு.

அவர் என்னையும் படகையும் மாறிமாறிப் பார்த்தார். "கப்ப எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கந்தாம்மா."

வெட்கத்தில் பாதி கேள்விகள் மறந்துபோயின. இந்த ஆளுக்கு வாடிக்கையாளரை நடத்தத் தெரியவில்லை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு, டப்பாவை ஒரு கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். முந்தைய டப்பா தொலைந்ததால் அன்று வேறொன்று எடுத்துப் போயிருந்தேன். அது எங்கள் வீட்டுப் பழைய எவர்சில்வர் டப்பா. அதன் மூடியில் அப்பாவின் முழுப்பெயரும் தமிழில் வெட்டப்பட்டிருந்தது. அறிவாளிக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். வெள்ளைத் தொப்பியோடு மஜ்காவ்காரர் நின்றார்.

"இந்தப் பேர் உங்களதுதானுங்களே? பிள்ளை பேசின பேச்ச வச்சு மாதுங்காவாத்தான் இருக்கும்னு வந்தேன். நேத்து தபாலாபீசுல வீட்டக் கேட்டு வச்சேன்."

அப்பா மூடியைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"கப்ப விக்கிறேங்க. உங்க மக கப்ப பாக்க வந்தாங்க."

"என்ன கப்பல்?"

"நாலு பேர் படுக்கிற கப்ப. அவுகளுக்குச் சமையலறைத் திசைதான் சரியா அமையல."

டப்பா கழுவித் துடைத்து, உள்ளே தொதல் என்ற அவர் ஊர் இனிப்பு நிறைத்து வந்திருந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையாம். என் பரீட்சையில் இப்படிப் பிரமாதமாகத் தேறி என்னை இந்தக் கதிக்கு ஆளாக்க வேண்டுமா என்று அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா அவரை உட்கார வைத்தார். ஊர், தொழில், பம்பாய் வந்து எத்தனை வருஷம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் எல்லாம் விசாரித்து மரியாதையாக அனுப்பிவைத்தார். அம்மா அந்த டப்பாவை அடுப்படிக்குள் எடுத்துப் போகவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மத்தியானம் பாதி காலியாகியிருந்தது. யார் தின்றது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, சேட் அனுப்பியதிலிருந்து கொலாபா பியூன் வரை எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். சத்தம் போடவில்லை. "நாளைக்கு நானும் ஆபீஸுக்கு வரேன். சேட்டுகிட்ட சொல்லிட்டு உன்னை அழைச்சுண்டு வந்துடறேன்."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். குழாயில் தண்ணீர் நின்றதும் அழுகையையும் நிறுத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அப்பா பழைய ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். சேட் போனில் இருந்தார். "இன்றிலிருந்து என் மகள் வேலைக்கு வரமாட்டாள்" என்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னார். சேட் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சரி. வேற ஒருத்தி கிடைப்பா. அந்தப் படகுக்காரன் விஷயத்தை மட்டும் சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க." மறுபடி போனில் பருத்தி விலை பேச ஆரம்பித்தார்.

இரண்டு வியாபாரிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பரிசோதித்தவள் நான். மாதக்கணக்காக எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பரிசோதிக்கத் தோன்றவே இல்லை. அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து என் சாமான்களை எடுக்க ஆரம்பித்தேன்.

அப்பா நகரவில்லை. சேட் போனை வைக்கும்வரை நின்றார்.

"இவள் வேலையில் என்ன குறை கண்டீர்கள்?"

"குறை ஒண்ணுமில்லையே."

"குறை இல்லாதவளுக்குப் பதில் வேறு ஒருத்தி கிடைப்பாள் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள்?"

சேட் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்பது வருஷத் தணிக்கை விழித்துக்கொண்டுவிட்டது. படகு பார்க்க ஒரு பெண்ணைத் துணையில்லாமல் அனுப்பியது யார் என்று கேட்டார். கொலாபாவில் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியது தெரியுமா என்று கேட்டார். தெரியாதென்றால் அந்தக் கடையின் லட்சணத்தை இந்த ஆபீஸில் வேறு யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று கேட்டார். "மஜ்காவ்காரரிடம் வாங்குங்கள். அவர் என் வீடு தேடி வந்தார். இவ்வளவையும் செய்தவளுக்கு நிரந்தர உத்தரவு தர ஏன் தாமதம்?"

சேட் என்னை டைப்ரைட்டர் முன்னால் உட்காரச் சொன்னார். உத்தரவைச் சொன்னார். என் உத்தரவை நானே டைப் அடித்தேன். அப்பா பின்னால் நின்று, ஒரு கமா விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். சேட் கையெழுத்துப் போட்டார்.

வழியனுப்ப மாடிப்படி வரை கூடப் போனேன். பாதிப் படியில் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் ஒரே குழப்பம்.

"நான் எதுக்குடி வந்தேன்?"

"என்னை ஆபீஸ்ல கொண்டு விட வந்தேள், அப்பா" என்றேன்.

அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்போ இங்க என்ன நின்னுண்டிருக்கே? நேரமாச்சு, மேல போ" என்றார்.