கடைசியில் நடப்பவனின் மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிவு வராது. ஹந்தானை மலைச் சரிவில், மூடுபனிக்குள், என்னை நம்பி நடந்த ஒருவனைக் கைவிட்டு வந்தேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன். அவன் பெயர் செல்வம். சாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுடைய இடது கால் அவன் சொல் கேட்பதில்லை.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குண்டசாலையில் எங்கள் ஒழுங்கையில் யாரோ ஒரு மாடு வாங்கியிருக்கிறார்கள். மழை இருட்டும்போது அதை எங்கள் பின்வளவு வழியாக ஓட்டிப் போகிறார்கள். கழுத்து மணி கேட்கிறது. "கேக்க நல்லா இருக்கு, என்னப்பா?" என்கிறாள் மகள். எனக்கு அந்தச் சத்தத்தோடு ஈரச் சவர்க்கார மணமும் வந்துவிடுகிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். மழைச்சாரல் அடிக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சவர்க்காரம் அட்டைகளுக்காக. மலையில் ஏறுமுன் முழங்கால் வரை அதைக் குழைத்துப் பூசுவோம். அப்படியும் கடிக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த அந்த வருஷம் முழுவதும் என் கால்களில் அந்த மணம்தான். கண்டிக்கு மேலே ஒரு சிறு கிறிஸ்தவ ஐக்கியம் பழைய பங்களா ஒன்றை எடுத்துச் சாகச முகாம் நடத்தியது. நகரத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கயிற்றில் ஆறு கடக்கவும், பாறை ஏறவும், கூடாரம் அடிக்கவும் பழக்குவார்கள். அங்கே நான் பயிற்சி உதவியாளன். உயரத்தைக் கண்டால் தலை சுற்றும் எனக்கு அந்த வேலையைத் தந்தது அவர்களுடைய விசுவாசத்துக்கு நல்ல அத்தாட்சி.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏ.எல். எடுத்தது கயிறு கட்டவோடா? அங்க போய்ச் சாமியையும் மாத்திப்போடாத" என்றாள். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அப்பாவின் உத்தியோகத்தால் கண்டிக்கு வந்தவர்கள். முகாமை நடத்திய போதகர் ஐயாவோ, "நீங்க ஜெபம் பண்ண வேணாம் தம்பி. முடிச்சு அவுறாம இருந்தா போதும்" என்று சிரித்தார்.

செல்வமும் என்னைப் போல உதவியாளன்தான். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன், அந்த ஐக்கியத்திலேயே வளர்ந்தவன். என்னைவிடச் சற்று இளையவன். என் பேச்சையும் காற்சட்டை மடிப்பையும் பார்த்து முதல் நாளே "தொர" என்று பெயர் வைத்துவிட்டான். பாறை உச்சியில் நான் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கீழேயிருந்து கத்துவான்.

"என்னா தொர, கயித்த நம்பப் பயமா, கீழ பாக்கப் பயமா?"

"ரெண்டுக்கும்தான். நீர் வாயை மூடும்."

"நான் மூடுனா ஒங்களுக்கு யாரு தொண?"

உண்மைதான். அவன் பேசிக்கொண்டிருந்தால் எனக்குத் தலை சுற்றுவதில்லை.

ஒவ்வொரு முகாமின் முடிவிலும் மௌன நடை ஒன்று இருக்கும். பங்களா வாசலில் ஜெபம் செய்து புறப்பட்டால், மலை உச்சியில் நட்டிருந்த இரும்புச் சிலுவையடியில் போதகர் ஜெபித்து எல்லோரும் ஆமென் சொல்லும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒருவருக்குக் குளவி கொட்டியும் சத்தம் போடாமல் அழுதுகொண்டே ஏறினாராம். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பேச முடியாது என்பதால் வரிசையின் கடைசி ஆளிடம் ஒரு மாட்டு மணி இருக்கும். மணிக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முன்னால் போகும் போதகருக்கு மணி கேட்டால் எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். யாராவது நின்றால் மணிக்காரனும் நிற்க வேண்டும்.

அன்று மணி என்னிடம் இருந்தது. எனக்கு முன்னால் செல்வம்.

பாதி வழியில் பனி இறங்கியது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் போய் மறைந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பின்னால் யாரோ நடப்பது போலிருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது, ஓரடி பிந்தி. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைதான் தெரிந்தது. அந்த நேரம் செல்வம் பாதையை விட்டு விலகி, ஒரு கல்லில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சவர்க்காரத் துண்டால் அட்டையைத் தேய்க்கத் தொடங்கினான்.

நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் கடைசி ஆளாய் இன்னொரு நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தால் வெட்கக்கேடு என்று மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவனைக் கடந்து போனேன். சற்றுத் தூரம் போனபின் விரலை எடுத்தேன். மணி அடித்தது. அவன் பின்னால் வந்து சேர்ந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிலுவையடியில் ஆமென் சொன்ன பிறகுதான் அவன் இல்லாதது தெரிந்தது.

"மணி ஒங்ககிட்டதானே இருந்துச்சு தம்பி? செல்வம் எங்க?" போதகர் கேட்டார்.

"எனக்கு முன்னுக்குத்தான் போனவன்" என்றேன்.

ஆகவே உச்சியைத் தாண்டிப் போயிருப்பான் என்று சிலுவைக்கு அப்பாலுள்ள சரிவிலே தேடினார்கள். இருட்டும்வரை கூப்பிட்டார்கள். நானும் அவர்களோடு நின்று, அவன் இல்லாத திசையைப் பார்த்து "செல்வம், செல்வம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போன பெண்கள், நாங்கள் ஏறிவந்த பக்கத்துப் பள்ளத்தில் அவனைக் கண்டார்கள். இடுப்பு முறிந்து, குளிரில் விறைத்துக் கிடந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவனிடம் போதகர், "ஏன்டா சத்தம் போடல?" என்று கேட்டார்.

"ஆமென் சொல்லலையே ஐயா" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "தொர மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குப் பின்னாலதான் வந்தாரு. பனியில தெச தெரியல. மணி முதுகுக்குப் பின்னால கேக்குற மாதிரி பாத்துப் பாத்து நடந்தேன். கிட்டயே கேட்டுச்சு. நான் வுழுந்த பொறகும் மேல நின்னு அடிச்சாரு. அதான் பயமில்லாம கெடந்தேன்."

அவன் விழுந்து கிடந்த நேரத்தில் மணி என்னோடு சிலுவையடியில், புல்லில் கிடந்தது. போதகர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பேராதனையில் எனக்குக் கிடைத்த அறையின் ஜன்னல் ஹந்தானையைப் பார்த்தது. படித்த காலம் முழுவதும் திரையை இழுத்துவிட்டே படித்தேன். பிறகு பொறியியலாளனாகப் பல ஊர்களில் பாலம் கட்டினேன். பாலங்கள் நிற்கின்றன.

மனைவி இறந்த பிறகுதான் செல்வத்தைத் தேடிப் போனேன். பிலிமத்தலாவையில் மகனுடைய துணிக்கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். கண்டதும் ஊன்றுகோலை ஆட்டி, "தொர! வாங்க, வாங்க. டேய், நான் சொல்லுவேன்ல, மணியடிச்ச தொர, இவருதான்டா" என்று மகனைக் கூப்பிட்டான். வருஷா வருஷம் சபையில் எழுந்து நின்று அதைத்தான் சாட்சியாகச் சொல்வானாம், தன்னை விட்டுப் போகாத சிநேகிதனைப் பற்றி.

எல்லாவற்றையும் சொன்னேன். மணியின் நாக்கைப் பிடித்ததைச் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. காலைத் தடவிக்கொண்டான். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப எனக்குப் பின்னால வந்தது யாருங்க?"

பாறையில் பட்ட எதிரொலியாக இருக்கும் என்றேன். தலையாட்டினான். அடுத்த கிழமை அவன் மகன் தொலைபேசியில், "அய்யா, அப்பாகிட்ட என்னா சொன்னீங்க? சபையில சாட்சி சொல்ல மாட்டேங்குறாரு. ரோட்டுல பின்னால யாரையும் வரவுட மாட்டேங்குறாரு. செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போகிறேன். கடையிலிருந்து சபை வரைக்கும் அவன் முன்னால் நடக்கிறான், நான் பின்னால் நடக்கிறேன். அவன் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "பேசிக்கிட்டே வாங்க தொர. யாருன்னு தெரியணும்ல." நானும் விலைவாசி, கிரிக்கெட், மகளின் சமையல் என்று வாய் ஓயாமல் பேசுகிறேன். முகாம் பங்களா இன்று ஒரு ஹோட்டல். சிலுவையை யாரோ பழைய இரும்புக்குப் பெயர்த்துப் போனார்கள். போதகர் இல்லை. மௌன நடையை அறிந்தவர்கள் நாங்கள் இருவரும்தான் போலிருக்கிறது. எங்கள் இருவருக்குமே மௌனம் ஆகாது.

போன ஞாயிறு காலையும் லேசான பனி. ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பாதியிலேயே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. செல்வம் திரும்பிப் பார்த்து என்னைத் தேடுவான் என்று நினைத்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, நடுவே ஒருமுறை சிரித்துக்கொண்டு, நிதானமாக நடந்துகொண்டேயிருந்தான். சபை வாசலுக்குப் போன பிறகுதான் திரும்பினான்.

"என்னா தொர," என்று அங்கிருந்தே கூப்பிட்டான், "இம்புட்டு நேரம் காதுகிட்டயே பேசிக்கிட்டு வந்தீங்க, அதுக்குள்ள எப்படி அங்க போனீங்க?"