ஒரே இரவில் ஏழையான தெரு

ஒரு தெருவே கூடிப் பேசி என் வேலைக்கு உலை வைக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பீர்கள்.

போன வருடக் கோடை. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிகிற ஒப்பந்த வேலை எனக்கு. அரிசி பருப்புக்குத் தட்டுப்பாடு உண்டா, தண்ணீர் போதுகிறதா, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, இவைதான் கேள்விகள். பகலில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று, பொழுது சாய்ந்த பிறகு போனேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “எல்லாம் இருக்கு, நல்லாருக்கோம்.” கடைசியில், வாசலில் சிலுவை போட்டிருந்த வேதக்கார வீட்டு அக்கா மட்டும், “தண்ணியும் இல்ல, அரிசியும் இல்ல” என்றார். சரியான புலம்பல் கேஸ் என்று நினைத்துக்கொண்டே பதிந்தேன்.

மறுநாள் காலையிலேயே என் மேற்பார்வையாளர் வந்து நின்றார். என்னைவிட வயதில் சின்னவர். “ஏண்ணே, தெருவுக்கே ஒரே பதிலா? டீக்கடையில உக்காந்தே போட்டுட்டீகளா? வாங்க, நானே கேட்டுப் பாக்குறேன். பொய்யின்னா வேலை கிடையாது.”

டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். முதல் வீட்டில் கேட்டார்.

“ரேஷன் அரிசி தீந்துபோச்சு சார். தண்ணி லாரி வாரதே இல்ல. இவுகளுக்கு மூட்டுவலி, வேலைக்குப் போக முடியல.”

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். தெரு மாறி வந்துவிட்டேனா? இல்லை, நேற்றுப் பார்த்த அதே செவலை ஆடு அதே முருங்கை மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. சாட்சிக்கு அதைக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அழாக்குறையாக முதல் வீட்டுக்கு ஓடினேன். “ஏக்கா, நேத்து எல்லாம் இருக்குன்னீகளே!”

“நல்ல ஆளுதான் நீங்க! வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல வந்து நின்னு கேட்டா, எந்த வீட்டுலய்யா இல்லன்னு வாயத் தொறப்பாக? ஒங்க வீட்டுல சொல்வாகளா?”

சொல்லமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் டீத்தூள் தீர்ந்துபோனால் என் மனைவி வெறும் டப்பாவைத்தான் தூக்கிக் காட்டுவாள்.

கூடவே வந்து நின்ற மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார், வேலை தப்பியது. தெரு முழுக்க மறுபடி கேட்டேன். வேதக்கார அக்காவின் பதிலை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் பதில்கள் விசித்திரமாக வந்தால், ஊரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நான் எந்த நேரத்தில் போய் நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன். அன்று யாரும் சதி செய்யவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் போய்க் கதவைத் தட்டினேன், அவ்வளவுதான்.