ரெடிமேட் தண்டவாளத்துக்கு நான் பார்த்த ரிப்பேர்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மைசூரில் ரயில் பாதை பராமரிக்கிற கேங்கில் நான் டெம்பரரி கூலி. கேங் மேஸ்திரிதான் என் மாமனார். லைனில் என்னை "ஏய்" என்பார். வீட்டில் "மாப்ளே" என்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாரே தவிர அனுப்பி வைக்கவில்லை.

"வேலை பர்மனெண்ட் ஆவட்டும் மாப்ளே, கூட்டிட்டுப் போங்க. டெம்பரரி ஆளுக்குப் பொண்ணும் டெம்பரரிதான்."

ஒன்பது மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் என் பெண்டாட்டியை விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் லைன் இன்ஸ்பெக்டர், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பொம்மை ரயில் வாங்கினார். சாவி கொடுத்தால் ஓடும் இஞ்சின், இரண்டு வண்டி, ஒரு மரப்பெட்டி நிறையத் தகரத் தண்டவாளம். மறுநாள் சாயங்காலம் பெரிய இஞ்சினியர் டீக்கு வருகிறார், அவருக்குப் பொம்மை ரயில் என்றால் உயிர் என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாம் ரெடிமேடுப்பா. இந்த முனையில கம்பி, அந்த முனையில ஓட்டை. சொருகினா ஆச்சு. துரை வீட்டுல ஒரு தடவகூட விழலையாம். நாளைக்கு நல்லா ஓடட்டும், உன் பேரை பர்மனெண்டுக்கு நானே எழுதறேன்."

சொல்லிவிட்டு அவர் லைன் பார்க்கப் போய்விட்டார். சொருகியிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தண்டவாளத்துக்குக் குறுக்கே மூன்றே மூன்று ஸ்லீப்பர் கட்டை. ஜல்லி இல்லை. எல்லாவற்றையும்விட, ஜாயிண்டில் சந்தே இல்லை. வெயிலில் இரும்பு நீளும், சந்து விடாவிட்டால் லைன் நெளிந்துவிடும் என்று மாமனார் திட்டித் திட்டி என் மண்டையில் ஏற்றியிருந்தார். வேறெதுவும் அங்கே ஏறியதில்லை.

மறுநாள் மத்தியானம் வரை வேலை. ஏழு பெட்டித் தீக்குச்சியில் மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஸ்லீப்பராக நெருக்கி வைத்தேன். இன்ஸ்பெக்டர் வீட்டு ரவை சல்லடையில் ஜல்லி சலித்துக் கொட்டினேன். வளைவில் வெளிப்பக்கம் உயர, பழைய டிக்கெட்டுகளை அடியில் கொடுத்தேன். சொருகுகிற கம்பிகளையெல்லாம் அரத்தால் ராவித் தள்ளிவிட்டு, ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒரு தீக்குச்சி அகலம் சந்து விட்டேன்.

மாமனார் வந்தார். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஏய், மூணாவது ஜாயிண்டு தாழ்ந்து கெடக்கு."

"ஏய்" என்றாரே, அதில்தான் எனக்குப் பெருமை. அவருக்கே நிஜ லைனாகத் தெரிந்துவிட்டது.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது. "அப்படியே நம்ம லைனுப்பா" என்று சாவி கொடுத்து விட்டார். முதல் ஜாயிண்டில் இஞ்சின் குப்புற விழுந்தது. தூக்கி வைத்தார். இரண்டாவதில் மல்லாந்தது.

"சந்து எதுக்கப்பா விட்டே?"

"வெயிலுக்கு சார்."

"ஹாலுக்குள்ள ஏது வெயிலு?"

ஜன்னலோரம் ஒரு துண்டு அகலத்துக்கு விழுந்திருந்த வெயிலைக் காட்டினேன்.

"கம்பியெல்லாம் எங்கே?"

"ராவிட்டேன் சார்."

வாசலில் கார் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காபிதான் இனி ஆயுசுக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெரிய இஞ்சினியர் டீயைத் தொடவில்லை. பேண்ட்டோடு தரையில் படுத்து லைனைப் பார்த்தார். "யாருய்யா போட்டது?"

"என் கேங்குதான் சார்" என்றார் மாமனார், நெஞ்சை நிமிர்த்தி.

பெரியவர் சாவி கொடுத்தார். இஞ்சின் விழுந்தது.

"ஜாயிண்டு வேலை மட்டும் இவன் சார்" என்றார் மாமனார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு சந்தாக அளந்தார். எல்லாம் ஒரே அளவு. "லைன் சரியா இருக்கு. இந்த இஞ்சினுக்குத்தான் நம்ம லைன் பழக்கமில்ல" என்று சொல்லி, விரலால் தள்ளத் தொடங்கினார். ஜாயிண்டு வந்தால் லேசாகத் தூக்கிவிட்டு, வாயாலேயே "கூ" என்றார். இன்ஸ்பெக்டர் பச்சைக் கைக்குட்டையை ஆட்டினார். வண்டி போகும்போது கேங்காரர்கள் ஒதுங்கி நிற்பது வழக்கம். நானும் மாமனாரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். மூன்று சுற்று. டீயில் ஆடை படிந்துவிட்டது.

கிளம்பும்போது பெரியவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "இவனை பர்மனெண்டா வெளி லைன்ல போடுங்க. வீட்டுக்குள்ள மட்டும் விடாதீங்க."

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. கைநாட்டு வைத்து வாங்கினேன். மாமனாரே பெண்ணையும் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்து என் குடித்தனத்தில் விட்டார். போகிற போக்கில் வாசல் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார்.

"கதவு நல்லாத்தான் மூடுது மாப்ளே. நீங்க கை வைக்காதீங்க."