பள்ளி மைதானத்தைப் பெருக்கிய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படித்தான் தொடங்கினேன். அதோடு நிறுத்த முடியவில்லை.

அக்கா பிறந்தது முத்தாபுதுப்பேட்டையை அடுத்த எங்கள் ஊரில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலங்கள் மனைகளானபோது அவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த அக்கா, அம்பத்தூரில் தகர டப்பா செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். பிறகு நசரத்பேட்டையில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. ஐந்து ஆண்டுகள் குழந்தை இல்லை என்று அந்த வீட்டார் வேறு பெண் பார்த்தார்கள். திரும்பி வந்த அக்கா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அந்த வீட்டாரைப் பற்றி ஒரு நாளும் தவறாகப் பேசியதில்லை.

இதற்கிடையில் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தனியார் பள்ளி வேன்கள் தெருவுக்குள்ளேயே வந்து ஏற்றிச் சென்றன. பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. யாரும் கேட்காமலே அக்கா இறங்கினார். மே மாதம் முழுவதும், கம்பெனி விட்டு வந்ததும் தலைமையாசிரியையோடு வீடு வீடாகப் போவார். என் மகள் ஆவடியில் தனியார் பள்ளியில் படித்தாள். ஒரு தாய் அதையே சொல்லிக் காட்டினார்.

"உன் தம்பி பொண்ணு வேன்ல போவுது. என் புள்ள மட்டும் இங்க வரணுமா?"

"அவன் பொண்ணு, அவன் இஷ்டம். உன் புள்ளைக்கு நான் கீறேன், அனுப்பு" என்றாராம் அக்கா. அந்த ஜூனில் அந்தப் பிள்ளை சேர்ந்தது. ஆண்டு விழாவில் நடனம் ஆடும் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவரும் அக்காதான். மேடைக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

ஊரில் மண்டபம் கிடையாது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் பாதிதான். காது குத்து, கூழ் ஊற்றுவது, கருமாதிச் சாப்பாடு எல்லாம் அந்த மைதானத்தில்தான். ஞாயிறு விசேஷம் முடிந்தால் எச்சில் இலைகளோடு உடைந்த பாட்டில்களும் கிடக்கும். பிள்ளைகளோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுபவர்கள். அதனால் திங்கட்கிழமை காலை அக்கா துடைப்பமும் சாக்குமாகப் போய்ப் பெருக்கிவிட்டுத்தான் கம்பெனிக்குப் போவார்.

என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவையும் அங்கேயே வைக்க முடிவு செய்தேன்.

"அங்க வேணாம்டா தம்பி. நம்ம ஊட்டு முன்னாலயே பந்தல் போடலாம். நம்மளே அங்க பண்ணா, நாளைக்கு ஊர்க்காரங்கள நான் எப்டி கேப்பேன்?" என்றார் அக்கா.

"உனுக்கு ஒண்ணு பொறந்து இருந்தா எங்க வெக்கிறதுன்னு நீ முடிவு பண்ணு. இது என் பொண்ணு" என்றேன்.

அக்கா, "சரி" என்றார். அரிசி களையப் போய்விட்டார்.

விழாவில் அத்தை முறைக்கு நலங்கு வைக்க அக்கா சந்தனக் கிண்ணத்தருகே வந்தார். பிள்ளை இல்லாதவர் கை படக்கூடாது என்று உறவுப் பெண் ஒருவர் கிண்ணத்தை நகர்த்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா திரும்பிப் போய்ப் பந்தியில் தண்ணீர் ஊற்றினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பறைக்குப் பின்னால் நாங்கள் சிலர் குடித்தோம். காலி பாட்டில்களைச் சுவரில் எறிந்து உடைப்பது விளையாட்டாயிற்று. சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார்.

"புள்ளைங்க ஓடுற எடம்டா. வேணாம்டா."

"யார் புள்ளைங்க? உன் புள்ளைங்களா?" என்றார் எங்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையில் இருந்ததையும் எறிந்தேன்.

மறுநாள் மாலை அக்கா காலில் துணி சுற்றியிருந்தது. கம்பெனியில் தகரம் கிழித்துவிட்டது என்றார். "கண்ண எங்க வெச்சுகினு வேல செஞ்ச?" என்று திட்டினேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த மாதம் பள்ளி ஆண்டு விழா வந்தது. அழைத்துப் போகிறேன் என்றேன். "வேணாம். புள்ளைங்க பயந்துக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்தில் கிருமி இரத்தத்தில் கலந்து அக்கா உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் தலைமையாசிரியை என்னைத் தனியே அழைத்தார்.

"சார், சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. உங்க வீட்டு விசேஷத்துக்கு மறுநாள், சுவரோரம் கண்ணாடி பொறுக்கும்போதுதான் செருப்பைத் துளைச்சு ஏறிடுச்சு. என் கண் முன்னாடி. உங்க பாப்பாவுக்குத் தெரிஞ்சா, தன் விசேஷத்தாலதான்னு காலம் பூரா மனசுல நிக்கும்னு சொன்னாங்க."

யார் எறிந்த பாட்டில் என்று தெரியாது. என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழி இல்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த அவருடைய கம்பெனித் தோழிகளுக்கும், சத்தியத்தை மீறி உண்மையைச் சொன்ன தலைமையாசிரியைக்கும், அக்கா சேர்த்த பிள்ளைகளை இன்றும் அதே பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று என்னோடு சிரித்தவர்களும் இந்த மலரை வாங்குவார்கள். அவர்கள் பெயரை நான் எழுதவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான அத்த மறைச்சாங்க? நீ ஏம்ப்பா எழுதின?" என்று கேட்டாள்.

அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை.

— தம்பி